ஒட்டும் கிருமியும்: 1964-ன் ஒரு சோதனையைத் தாம்பரத்திலிருந்து வாசிப்பது

தாம்பரம், குரோம்பேட்டை, பெரும்பாக்கம் பக்கம் உறுப்பு மாற்று செய்துகொண்டவர் யாராவது இருக்கும் வீட்டில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: “இன்ஃபெக்‌ஷன் வந்தா கிட்னி போயிடும்.” வருகிறவர்களைத் தள்ளி உட்காரச் சொல்வதற்கும், ஓட்டல் சாப்பாட்டை நிறுத்துவதற்கும், சில சமயம் நோயாளியையே குற்றம் சொல்வதற்கும் இந்த ஒரு வாக்கியம்தான் ஆதாரம். வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் மடிந்து கிடக்கின்றன.

ஒன்று, கிருமி நேரடியாகவே உறுப்பைக் கெடுக்கலாம். இரண்டு, கிருமிக்காகக் கொடுக்கும் மருந்தோ, கிருமிக்குப் பயந்து குறைக்கும் மருந்தோ நிராகரிப்புக்கு வழிவிடலாம். மூன்று, கிருமி நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிட, அது கிருமியோடு சேர்த்து, பொருத்தப்பட்ட உறுப்பையும் தாக்கலாம். இந்த மூன்றாவதைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. கொஞ்ச நாளாக அவற்றை வரிசையாக வாசித்ததில் எனக்குக் கிடைத்த மதிப்பீடு இது: கேட்ட கேள்வி சரி. முதலில் சொன்ன விடை பெரும்பாலும் தப்பு. இப்போது சொல்லும் விடை பெரும்பாலும் சரி, ஆனால் அது சோதிக்கப்பட்ட உடம்பு நம்மூர் உடம்பு இல்லை.

கினிப்பன்றியின் தோல்

முதலில் பின்னணி. ஒரு விலங்கின் தோலை வேறொரு விலங்கின் மேல் ஒட்டினால் சில நாள் ஒட்டியிருக்கும், பிறகு கருகி உதிரும். அதே கொடையாளியிடமிருந்து இரண்டாவது முறை ஒட்டினால் இன்னும் சீக்கிரம் உதிரும். உடம்பு முதல் முறை கற்றுக்கொண்டதை ஞாபகம் வைத்திருக்கிறது. பீட்டர் மெடவார் 1940-களில் இதை முயல்களில் தெளிவாகக் காட்டினார். 1960-ல் நோபல் பரிசும் வாங்கினார். அந்த ஞாபகம் மிக வலுவாக இருந்தால் ஒட்டிய தோலுக்குள் ரத்தமே ஓடாது, வெளுத்தபடியே செத்துப்போகும். அதற்கு ‘வெள்ளை ஒட்டு’ என்றே பெயர்.

1964-ல் ஃபீலிக்ஸ் ராப்பபோர்ட்டும் ஆர். எம். சேஸும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். கினிப்பன்றிகளுக்கு முன்கூட்டியே ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். பிறகு, அதுவரை பார்த்தே இராத ஒரு கொடையாளியின் தோலை ஒட்டினார்கள். முதல் ஒட்டுதான். ஆனால் உடம்பு அதை இரண்டாவது ஒட்டுபோல நடத்தியது: வேகமாகத் தள்ளியது, சில விலங்குகளில் வெள்ளை ஒட்டாகவே போனது. அடுத்த ஆண்டே ‘ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் மெடிசின்’ இதழில் இரண்டு விரிவான கட்டுரைகள் வந்தன. இரண்டாவதில் ஸ்டஃபிலோகாக்கஸையும் சோதித்திருந்தார்கள். எல்லா பாக்டீரியாவும் இதைச் செய்யவில்லை. சில மட்டும் செய்தன.

சோதனை நேர்த்தியானது. தொண்டை வலி தரும் ஒரு கிருமி, எவருடைய தோலையும் பார்த்திராத ஒரு உடம்புக்கு ‘ஏற்கெனவே பார்த்த’ ஞாபகத்தைத் தருகிறது என்றால் யாருக்கும் ஆச்சரியம் வரும். எனக்கும் வந்தது. என் விமரிசனம் முடிவைப் பற்றியதில்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கத்தைப் பற்றியது.

சாயல் என்ற விளக்கம்

அவர்கள் கொடுத்த விளக்கம் எளிமையானது, கவர்ச்சியானதும்கூட: பாக்டீரியாவின் மேலுள்ள ஆன்டிஜென் ஒன்று, திசுக்களின் மேலுள்ள ஆன்டிஜென்போலவே இருக்கிறது. அதனால் பாக்டீரியாவைப் பார்த்த உடம்பு தோலையும் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் திருடன் சாயலில் இருந்து அடிவாங்கும் கதைதான்.

அந்தக் காலத்தில் இதை நம்ப நல்ல காரணம் இருந்தது. 1962-ல் மெல்வின் கப்ளான், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் மனித இதயத் திசுவிலும் போய் ஒட்டுவதைக் காட்டியிருந்தார். நம்மூரில் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்களைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் தொண்டைப் புண், பத்து வருஷம் கழித்து இதயம். அங்கே சாயல் வேலை செய்தால் ஒட்டிலும் ஏன் செய்யக்கூடாது?

1970-ல் ஹிராட்டாவும் டெரசாகியும் இன்னொரு படி போனார்கள். மனித உறுப்புப் பொருத்தத்தை முடிவு செய்யும் எச்.எல்.ஏ. ஆன்டிஜென்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை அடையாளம் காணப் பயன்படும் சீரத்தின் வேலையை ஸ்ட்ரெப்டோகாக்கஸின் எம் புரதம் தடுக்கிறது என்றார்கள். அதாவது, எம் புரதமும் எச்.எல்.ஏ.வும் ஒரே சாயல். டெரசாகி சாதாரண ஆள் இல்லை. உலகமெங்கும் திசுப் பொருத்தம் பார்க்க உதவிய நுண்முறையை உருவாக்கியவர். அவர் சொன்னால் எடை உண்டு.

இங்கேதான் கதை சரிகிறது. அந்தச் சோதனை முறை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆன்டிபாடி செல்லின் மேல் ஒட்டும். பிறகு ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் வந்து செல்லைத் துளையிட்டுக் கொல்லும். செல் செத்தால் ஆன்டிபாடி பொருந்தியது என்று அர்த்தம். செல் சாகவில்லை என்றால்? ஆன்டிபாடியை வேறு ஏதோ பிடித்துக்கொண்டது என்று ஹிராட்டா-டெரசாகி வாசித்தார்கள். ஆனால் செல் சாகாமல் போவதற்கு இன்னொரு வழியும் உண்டு: காம்ப்ளிமென்ட் முன்பே தீர்ந்துபோயிருக்கலாம். 1976-ல் டௌபர், ஜப்ரிஸ்கி குழுவினர் காட்டியது இதைத்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் பாகங்கள் எந்தச் சாயலும் இல்லாமலேயே காம்ப்ளிமென்டைத் தூண்டிச் செலவழித்துவிடுகின்றன. துப்பாக்கியில் தோட்டா இல்லை. அதை இலக்கு கிடைக்கவில்லை என்று வாசித்துவிட்டோம்.

அந்த 1976 கட்டுரை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. ஆரவாரம் எதுவும் இல்லை. அதன் தலைப்பே எச்.எல்.ஏ. சாயலை மறுபரிசீலனை செய்வதாகத்தான் சொல்கிறது. ஆனாலும் ‘பாக்டீரியாவுக்கும் திசுவுக்கும் ஒரே ஆன்டிஜென்’ என்ற வாக்கியம் மேற்கோளில் இருந்து மேற்கோளுக்கு நடந்துகொண்டே இருக்கிறது. மூலக் கட்டுரையை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் திருத்திய கட்டுரையைத் தேடிப்போகிறவர்கள் குறைவு.

சாயல் நிஜமாகவே இருக்கும் இடம்

சாயல் வாதத்தை முழுசாகத் தூக்கிப் போட்டால் அதுவும் நியாயமாகாது. அது நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்கும் ஓர் இடம் நம் ரத்தப் பிரிவு.

ஓ பிரிவுக்காரர் ஒருவருக்கு ஏ, பி ரத்தம் ஏற்றியதே இல்லை. ஆனாலும் அவர் உடம்பில் ஏ-க்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடிகள் தயாராக இருக்கின்றன. எங்கிருந்து வந்தன? ஜார்ஜ் ஸ்பிரிங்கர் 1959-ல் கோழிக்குஞ்சுகளை வைத்துப் பார்த்தார். கிருமியே படாமல் வளர்த்த குஞ்சுகளில், சாதாரணக் குஞ்சுகளில் வருவதுபோல பி-க்கு எதிரான ஆன்டிபாடி வரவில்லை. பி ஆன்டிஜென்னை ஒத்த சர்க்கரையைச் சுமக்கும் ஈ.கோலை ஓ86 வகையைக் கொடுத்ததும் வந்தது. குடலில் வாழும் பாக்டீரியாவின் மேலுள்ள சர்க்கரையும் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரையும் உண்மையிலேயே ஒன்றுபோல இருக்கின்றன. மனிதர்களுக்கு அதே மாதிரிக் கிருமிகளைக் கொடுத்தும் 1969-ல் காட்டினார்.

ரத்தப் பிரிவு பொருந்தாத சிறுநீரகத்தை அப்படியே வைத்தால் சில நிமிடங்களிலேயே அது கறுத்துப் போகக் காரணம் இந்த ஆன்டிபாடிதான். அதாவது, பாக்டீரிய ஆன்டிஜென் ஒட்டு நிராகரிப்பைத் தீர்மானிப்பது ஏதோ அபூர்வ நிகழ்வல்ல, ஒவ்வொரு உறுப்பு மாற்றிலும் முதல் கேள்வியாகக் கேட்கப்படும் “பிளட் குரூப் என்ன?” என்பதே அதுதான். மறுபக்கமும் உண்டு. பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஆன்டிபாடிகள் இன்னும் உருவாகியிருக்காது. அதனால் பிரிவு பொருந்தாத இதயத்தைக்கூடக் கைக்குழந்தைகளுக்கு வைக்க முடியும் என்று டொரன்டோவின் லோரி வெஸ்ட் குழு 2001-ல் காட்டியது. கிருமிகளோடு பழக நேரம் கிடைக்காத உடம்பு; அதனால் அன்னியத்தை ஏற்கும் உடம்பு.

இது சர்க்கரை விஷயம், ஆன்டிபாடி விஷயம். ராப்பபோர்ட்டின் கினிப்பன்றி ஒட்டைத் தள்ளியது பெரும்பாலும் டி செல்களின் வேலை. அங்கே என்ன நடந்தது?

மணி அடிப்பது

விடை, வேடிக்கையாக, அந்தக் கட்டுரைக்கு இரண்டு வருஷம் முன்பே வந்த இன்னொரு கட்டுரையில் இருந்தது. 1962-ல் பால்னர், ஓல்ட், கிளார்க் மூவரும் பெண் எலிகளுக்கு பி.சி.ஜி. கொடுத்து, அதே இனத்து ஆண் எலியின் தோலை ஒட்டினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சின்ன ஆன்டிஜென் வித்தியாசம் ஒன்றுதான் அங்கே பிரச்சினை. சாதாரணமாக மெதுவாக நடக்கும் நிராகரிப்பு. பி.சி.ஜி. பெற்ற எலிகள் வேகமாகத் தள்ளின. ஆண் தோலின் ஆன்டிஜென்போல பி.சி.ஜி.யில் எதுவும் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. சாயல் தேவைப்படவே இல்லை. கிருமி மணியடித்தது; அந்தச் சத்தத்தில் எதிர்ப்பு மண்டலம் கண்ணில் பட்ட எல்லா அன்னியத்தின் மேலும் முழு வேகத்தில் பாய்ந்தது.

இப்போது இந்த விளக்கத்துக்கு ஆதாரம் நிறைய. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மரி-லூயிஸ் அலெக்ரே குழுவினர் எலிகளுக்கு ஒட்டை ஏற்கவைக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். ஒட்டும் சமயத்தில் லிஸ்டீரியா பாக்டீரியாவைச் செலுத்தினால் அந்தச் சகிப்பு உருவாகவில்லை (2008). ஏற்கெனவே நிலைத்துவிட்ட சகிப்பைக்கூட அதே கிருமி சில எலிகளில் உடைத்தது (2010). காரணம், கிருமியைக் கண்டதும் சுரக்கும் வகை-1 இன்டர்ஃபெரானும் ஐ.எல்.-6-ம்.

2015-ல் வந்ததுதான் தீர்ப்பு என்பேன். லிஸ்டீரியாவால் இதய ஒட்டை நிராகரித்த எலிகளுக்கு, கிருமி ஒழிந்த பிறகு, அதே கொடையாளி இனத்திலிருந்து இரண்டாவது ஒட்டு வைத்தார்கள். மெடவாரின் விதிப்படி அது இன்னும் வேகமாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏற்றுக்கொண்டன. சாயலால் வந்த ஞாபகம் என்றால் அது தங்கியிருக்கும். மணியடித்த கலவரம் என்றால் மணி நின்றதும் அடங்கும். அடங்கியது.

2016-ல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது. நோய்க் கிருமிகூட வேண்டாம். உடம்பில் சும்மா வாழும் பாக்டீரியாக்களே அந்த மணியை மெல்ல அடித்துக்கொண்டிருக்கின்றன. கிருமியில்லாமல் வளர்த்த எலிகளும், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட எலிகளும் தோல் ஒட்டை அதிக நாள் வைத்திருந்தன. சாதாரண எலியின் பாக்டீரியாக்களைக் கொடுத்ததும் பழைய வேகம் திரும்பியது. இங்கேயும் ஆண் தோல், பெண் எலி. பால்னரின் அதே ஒட்டு, 54 ஆண்டுகள் கழித்து.

இதற்காக, சாயல் அத்தியாயம் மூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது வேறு கதவால் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வைரஸுக்காகப் பழகிய டி செல், தற்செயலாக வேறொருவரின் எச்.எல்.ஏ.வையும் அடையாளம் காணும். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான சில டி செல்கள் எச்.எல்.ஏ.-பி44-ஐத் தாக்குவது 1994-லேயே தெரியும். 2010-ல் லைடன் நகர ஆய்வாளர்கள், வைரஸுக்கெதிரான டி செல் குளோன்களில் 45% இப்படி யாரோ ஒருவரின் எச்.எல்.ஏ.வோடு மோதுவதைக் கண்டார்கள். இது ராப்பபோர்ட் நினைத்த பொதுச் சாயல் இல்லை. ஒவ்வொரு நபருக்கும், ஒவ்வொரு கொடையாளிக்கும் மாறும் தனித்தனித் தற்செயல். வைரஸில் இவ்வளவு பார்த்திருக்கிறார்கள். பாக்டீரியாவில் பார்த்தது மிகக் குறைவு. என் முதல் புகார் இதுதான்.

சுத்தமான எலி

இரண்டாவது புகார் பெரியது.

மேலே சொன்ன எலிகள் எல்லாம் எங்கே வளர்ந்தவை? வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீனி, நோய்க்கிருமி எதுவும் இல்லாத கூண்டு. 2016-ல் மின்னசோட்டாவின் மாசோபஸ்ட் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் இதைப் போட்டு உடைத்தார்கள். ஆய்வுக்கூட எலியின் எதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையுடையதை ஒத்திருக்கிறது. கடையில் விற்கும் வளர்ப்பு எலியுடையதுதான் வளர்ந்த மனிதருடையதை ஒத்திருக்கிறது. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் சுத்தமான எலியின் மண்டலமும் மாறிவிடுகிறது. ஞாபக டி செல்கள் பெருகுகின்றன.

எலியில் எளிதாகக் கிடைத்த ஒட்டுச் சகிப்பு மனிதரில் கிடைக்காமல் போனதற்குப் பல காரணங்கள். இந்த ஞாபக டி செல்கள் அவற்றில் முக்கியமானவை. 2003-ல் எமரி பல்கலைக்கழக ஆய்வு, முன்பே பல வைரஸ்களைச் சந்தித்த எலிகளில் சகிப்பு உருவாவது கடினம் என்று காட்டியது. அமெரிக்க மனிதருக்கே சுத்தமான எலி சரியான மாதிரி இல்லை என்றால், நமக்கு?

இதை வெறும் கேள்வியாக விட வேண்டாம். நம்மிடம் இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. தாம்பரம் அப்போது இருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்து ஊர்களில், 1968-ல் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. ஏறத்தாழ 2,60,000 பேர். உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் முக்கால் பங்குக்கு மேல் காசநோயைத் தடுத்த அதே தடுப்பூசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவே இல்லை. முதல் முடிவு 1979-ல் வந்தது. 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே சொன்னது.

ஏன்? பல விளக்கங்கள் உண்டு. வலுவானவற்றில் ஒன்று, இந்த மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும், நோய் தராத மைக்கோபாக்டீரியாக்கள். இங்கே சிறுவர்கள் பெரியவர்களாகும் முன்பே அவற்றைச் சந்தித்துவிடுகிறார்கள். தடுப்பூசி வந்தபோது எழுதுவதற்கு வெற்றுப் பலகை இல்லை, ஏற்கெனவே எழுதிய பலகைதான் இருந்தது. பாக்டீரிய ஆன்டிஜென்களோடு ஒரு மக்கள் கூட்டத்துக்கு இருந்த பழைய பழக்கம், புதிதாக வந்த ஒன்றுக்கு அந்த உடம்பு தந்த பதிலை மாற்றியது.

தடுப்பூசிக்கு அப்படியென்றால் ஒட்டுக்கு ஏன் அப்படி இருக்கக்கூடாது? உறுப்பு மாற்றுத் துறையில் செங்கல்பட்டை யாரும் மேற்கோள் காட்டி நான் பார்க்கவில்லை. காசநோய்க்காரர்கள் ஒரு பக்கம், மாற்று அறுவைக்காரர்கள் இன்னொரு பக்கம். இங்கே புறநகர் ரயிலில் போனால் டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பேரைத் தாங்கிய தாம்பரம் சானடோரியமும், கல்லீரல் மாற்றுக்குப் பேர்போன மருத்துவமனை இருக்கும் குரோம்பேட்டையும் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். இரண்டு துறைகளுக்கும் நடுவே அந்த நெருக்கம் இல்லை.

வேலூரின் கணக்கு

நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. அங்கிருந்தே இந்த விஷயத்தில் நம்மூரின் மிக முக்கியமான கட்டுரையும் வந்தது: 2001-ல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் ஜார்ஜ் டி. ஜான் குழுவினர் எழுதியது. மாற்றுக்குப் பிறகு காசநோய் வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். மேற்கத்திய மையங்களில் இது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அதற்கும் முன்பே, 1994-ல், மாற்றுக்கு முன்னும் பின்னும் ஐசோனியசிட் கொடுத்தால் காசநோயைத் தடுக்கலாமா என்று கட்டுப்பாட்டுச் சோதனையும் செய்திருந்தார்கள்.

இங்கே என் ஆரம்ப வாக்கியத்தின் மூன்று மடிப்புகளும் ஒன்றாக வந்து சிக்கிக்கொள்கின்றன. காசநோய் வந்த ஒருவருக்குச் சிறுநீரகம் போகிறது. எதனால்?

காசநோய்க்கு முதல் வரிசை மருந்து ரிஃபாம்பிசின். அது கல்லீரலிலும் குடலிலும் உள்ள சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதியை முடுக்கிவிடும். நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரினையும் டாக்ரோலிமஸையும் உடைப்பது அதே நொதி. ரத்தத்தில் அவற்றின் அளவு சரசரவென்று இறங்கும். அளவு குறையாமலிருக்க மாத்திரையைப் பல மடங்கு கூட்ட வேண்டும்; செலவும் அதே அளவு கூடும். அதற்காகவே நம்மூர் மையங்கள் பலவற்றில் ரிஃபாம்பிசின் இல்லாத மருந்துத் திட்டங்களைப் பழகிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், தொற்று கடுமையாக இருந்தால் மருத்துவரே எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தைக் குறைப்பார், உயிர் முக்கியம்.

ஆக, காசநோய்க்குப் பின் நிராகரிப்பு வந்தால் அதைப் பாக்டீரிய ஆன்டிஜென்னின் வேலை என்று எழுதிவிட முடியாது. பாக்டீரியா மணியடித்திருக்கலாம், மருந்து காவலை எடுத்திருக்கலாம், இரண்டும் ஒரே வாரத்தில் நடந்திருக்கலாம். தொற்றுக்கும் நிராகரிப்புக்கும் தொடர்பு காட்டும் மருத்துவமனைக் கட்டுரைகளை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது ஒரே ஒரு அட்டவணையை: தொற்றுக் காலத்தில் டாக்ரோலிமஸ் அளவு என்னவாக இருந்தது? அது இல்லையென்றால் மீதியை வாசிப்பதில் பெரிய பயன் இல்லை.

நுரையீரல் மாற்றிலும் இதே சிக்கல். காற்றுப்பாதையில் சூடோமோனாஸ் குடியேறியவர்களுக்கு நாள்பட்ட நிராகரிப்பு அதிகம் என்று பல மையங்கள் எழுதியிருக்கின்றன. அசித்ரோமைசின் கொடுத்தால் சிலருக்கு நுரையீரல் செயல்பாடு தேறுகிறது. கிருமியைக் கொன்றதால் தேறியது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் அசித்ரோமைசின் அழற்சியையும் தணிக்கும் மருந்து. கிருமி போனதாலா, அழற்சி தணிந்ததாலா? 1970-ல் நடந்த அதே தவறு மறுபடி நடக்க இங்கே தாராளமாக இடம் இருக்கிறது.

எங்கே நிற்கிறோம்

இந்தக் கட்டுரைகள் செய்தித்தாளுக்கு வரும்போது என்ன ஆகும் என்று எனக்குக் கவலை உண்டு. “குடல் பாக்டீரியா உறுப்பு நிராகரிப்பைத் தூண்டும்” என்று ஒரு தலைப்பு. அடுத்த வாரம் ‘ட்ரான்ஸ்பிளான்ட் பேஷன்ட்டுகளுக்கான புரோபயாடிக்’ என்று ஒரு டப்பா. எல்லா பாக்டீரியாவும் ஒரே திசையில் தள்ளுவதில்லை. 2018-ல் எலி இதய ஒட்டில் ஒருவகை பிஃபிடோபாக்டீரியம் அழற்சியைக் குறைத்து ஒட்டைக் காப்பாற்ற உதவியது. அதுவும் எலிதான். எதிர்ப்பு மண்டலத்தை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் மனிதர் உயிருள்ள பாக்டீரியாவைப் பொடியாக வாங்கிச் சாப்பிடும் முன் தன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். சொந்தமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது அதைவிட மோசம்: சில ஆன்டிபயாடிக்குகள் ரிஃபாம்பிசினுக்கு நேரெதிராக டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், சிறுநீரகம் அதனாலும் கெடும்.

என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றைக் கண்டுபிடிக்க, காசநோய் ஆன்டிஜென்னைப் பார்த்ததும் இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் டி செல்களை எண்ணும் எலிஸ்பாட் சோதனை உண்டு. கொடையாளியின் செல்களைப் பார்த்ததும் அதையே சுரக்கும் டி செல்களை எண்ணவும் அதே எலிஸ்பாட் உண்டு. பின்னால் நிராகரிப்பு வருமா என்று கணிக்க அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், மாற்றுக்கு முன்பே செய்யலாம். காசநோய்க்கு எதிராகப் பழகிய டி செல்களைத் தனியாகப் பிரித்து அவை கொடையாளியின் செல்களோடு மோதுகின்றனவா என்று பார்க்கலாம். மோதினால் ராப்பபோர்ட்டின் சாயலுக்கு, புதிய உருவத்தில், பாக்டீரியாவிலும் ஆதாரம் கிடைக்கும். மோதாவிட்டால் மணியும் மருந்தும்தான் மிச்சம். வைத்தியமும் அதற்கேற்ப மாறும். உயிருள்ளவரிடமிருந்து தானம் பெறும் மாற்றுகள் அதிகமாக நடக்கும் நாடு இது. அறுவைக்கு முன்பே கொடையாளி யாரென்று தெரியும். இரண்டு பேரின் ரத்தமும் கையில் இருக்கும். மறைந்திருக்கும் காசநோயும் இங்கே குறைவில்லை. இந்தச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

விடை எந்தப் பக்கம் வந்தாலும் நோயாளிக்கு லாபம் உண்டு. மணிதான் காரணம் என்றால், தொற்று அடங்கும் வரை காவலை வலுவாக வைத்திருப்பதுதான் வேலை. 2015-ன் எலிகள் சொல்வதுபோல, கலவரம் அடங்கிய பிறகு உடம்பு திரும்பவும் ஏற்கக்கூடும். மருந்துதான் காரணம் என்றால், டாக்ரோலிமஸ் அளவை அடிக்கடி பார்க்கும் வசதியை, காசநோய் மாத்திரை கொடுக்கும் இடத்துக்கும் மாற்று செய்த மருத்துவமனைக்கும் நடுவில் ஒரே சீட்டில் கொண்டுவருவதுதான் வேலை. இந்த இரண்டாவதற்குப் புதிய ஆராய்ச்சியே தேவையில்லை.

“இன்ஃபெக்‌ஷன் வந்தா கிட்னி போயிடும்” என்ற வாக்கியத்தை அதனால் இப்படிப் பிரித்துச் சொல்லச் சொல்வேன்: காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மாற்று செய்த மருத்துவமனைக்குப் போன் பண்ணுங்கள், யார் எந்த மருந்தை எழுதினாலும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலைக் காட்டாமல் வாங்காதீர்கள், காசநோய் மாத்திரை தொடங்கினால் டாக்ரோலிமஸ் அளவு எப்போது பார்க்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். தொற்று வந்தது உங்கள் தப்பில்லை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எல்லோர் உடம்பிலும் பாக்டீரியாக்கள் எழுதிய பழைய கணக்கு இருக்கிறது. அதைப் படிக்க வேண்டியது ஆய்வாளர்கள் பொறுப்பு. இதுவரை அவர்கள் படித்தது பெரும்பாலும் சுத்தமான எலியின் கணக்கைத்தான்.